டேப்லெட்டுக்குள் ரோதைமுனி

குருவிட்டையைத் தாண்டும்போதுதான் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. மடியில் ஆறு டேப்லெட்டுகள். வழியில் உடைந்துவிடக் கூடாதே என்று கோயம்புத்தூரிலிருந்து கிளம்பும்போதே பூப்போட்ட போர்வை ஒன்றில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தேன். பக்கத்தில் இருந்த சிங்களப் பெண்மணி அந்த மூட்டையையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் அவரால் பொறுக்க முடியவில்லை. "பிள்ளை நல்ல பிள்ளை போலிருக்கிறது. கொழும்பிலிருந்து ஒரு தடவைகூட அழவில்லையே" என்றார்.

நான் போர்வையின் ஓரத்தை விலக்கிக் காட்டினேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முன்னால் இருந்தவரைத் தட்டி அவருக்கும் சொன்னார். நான் சிங்களத்தில் சொன்ன பதிலைக் கேட்டு இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள். ஒன்பது வயதில் இந்த நாட்டை விட்டுப் போனவள் நான். என் சிங்களமும் ஒன்பது வயதோடு நின்றுவிட்டது. ஐம்பதைத் தாண்டிய பெண் சின்னப் பிள்ளை மாதிரி பேசினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? பெண்மணி பையிலிருந்து ஒரு மீன் பனிஸை, அதாவது மீன் வைத்த பன்னை, எடுத்துப் பிய்த்துப் பாதியைக் கொடுத்தார். நம் ஊர் பேக்கரி பப்ஸில் கிடைக்காத ஒரு காரம் அதில் இருந்தது. அந்தக் காரம் நாக்கில் பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, காரத்தால் என்றே அவரிடம் சொன்னேன்.

ஜன்னலுக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் கூரை போட்ட மாணிக்கக் குழிகள் வந்தன, போயின. தண்ணீர் இறைக்கும் மோட்டார்களின் சத்தம் பஸ் பாட்டையும் மீறிக் கேட்டது.

நான் வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் ஒரு சின்ன நிறுவனத்தில் தமிழ் எழுதிக் கொடுக்கிறேன், குரலும் கொடுக்கிறேன். காற்றாலை, சூரிய மின்சாரம், சிறு நீர்மின்சாரம் இவற்றையெல்லாம் சாதாரண ஜனங்களுக்குப் புரியவைக்கும் செயலிகள் செய்கிறார்கள். டேப்லெட்டின் கேமராவை ஒரு வெற்று நிலத்தை நோக்கிப் பிடித்தால் அந்த நிலம் அப்படியே திரையில் தெரியும். அதன்மேல் இன்னும் கட்டாத காற்றாலை ஒன்று எழுந்து நிற்கும். விரலால் தொட்டால் சுற்றும். சுற்றி நடந்தால் அதன் முதுகையும் பார்க்கலாம். ஆக்மென்டட் ரியாலிட்டி என்று பெயர். எங்கள் தீபா, அதைச் செய்கிற பெண், "இருக்கிறதும் இல்லாததும் ஒரே படத்தில" என்பாள்.

றக்வானைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஓடைத் தண்ணீரை வைத்து மின்சாரம் எடுக்கப்போகிறார்கள், ஜனங்களுக்கு விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும் என்று ஓர் ஆர்டர் வந்தது. காகிதத்தில் தோட்டத்தின் பெயரைப் பார்த்தேன். நான் பிறந்த தோட்டம். மற்ற யாரையும் அனுப்ப விடவில்லை, சண்டை போட்டுக் கிளம்பி வந்தேன்.

இரத்தினபுரியில் மாறி ஏறிய பஸ் மலை வளைவில் பாதி தூரம் போனதும் புகைந்தது. எல்லோரும் இறங்கினோம். நம் ஊராக இருந்தால் இதற்குள் பத்துப் பேர் டிரைவருக்கு மெக்கானிக் வேலை சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இங்கே ஆளுக்கொரு கல் பார்த்து உட்கார்ந்தார்கள். கண்டக்டர் ரோட்டோரப் பீலியில், அதாவது மலையிலிருந்து மூங்கில் வழியாக விழும் தண்ணீரில், வாளியைப் பிடித்து நிரப்பினார். நானும் போய்க் கையை நீட்டினேன். அந்தக் குளிர்ச்சி எனக்கு நன்றாக நினைவிருந்தது. அங்கேயே என் முதல் அட்டையும் கணுக்காலில் ஏறியது. எடுத்து எறிந்துவிட்டுப் பார்த்தால் இரண்டாவது ஏறிக்கொண்டிருந்தது.

றக்வானைப் பஸ்தரிப்பில் செல்வம் த்ரீவீலருடன் காத்திருந்தார். அவர் மனைவி புஷ்பராணி கொழுந்து எடுப்பவர், தோட்டத்து மாதர் சங்கச் செயலாளர். நான்கு நாளும் அவர்கள் வீட்டில்தான் எனக்குத் தங்கல். த்ரீவீலரின் கண்ணாடிக்கு மேலே காய்ந்த மாலை ஒன்று தொங்கியது. "போன வெள்ளிக்கெழம முனிக்குப் போட்டது. இரும்பு ஓடுற எடமெல்லாம் அவரு கணக்குங்க" என்றார் செல்வம்.

எந்த முனி என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும்.

என் அப்பா இந்தத் தோட்டத்து ஸ்டோரில் ரோதைக்காரர். தேயிலைத் தொழிற்சாலையை இங்கே ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். ஓடைத் தண்ணீரை மேலேயிருந்து குழாயில் இறக்கி, கீழே ஒரு பெரிய இரும்புச் சக்கரத்தில் அடிக்க விடுவார்கள். அதுதான் ரோதை. ரோதை சுற்றினால் தோல் பட்டை ஓடும், பட்டை ஓடினால் இலை அரைக்கும் மெஷின்கள் ஓடும். அந்த ரோதைக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். அவர்தான் ரோதைமுனி. வெள்ளிக்கிழமை தேங்காய் உடைத்து, வெற்றிலை பாக்கு வைத்து, ஒரு சுருட்டையும் பற்ற வைத்த பிறகுதான் அப்பா தண்ணீரைத் திறப்பார். மெஷினில் கை போகாமல் காப்பவர் முனிதான் என்று ஸ்டோரில் வேலை செய்த அத்தனை பேரும் நம்பினார்கள். வெள்ளைக்காரத் துரைகளும் பூசை முடியும்வரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்களாம். நான் பார்த்ததில்லை, அப்பா சொல்வார்.

பிறகு, தோட்டத்து ஜனங்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய காலத்தில், நாங்களும் தலைமன்னாரில் கப்பலேறினோம். கோத்தகிரியில் எங்கள் வீட்டைச் சுற்றியும் தேயிலைதான். ஆனால் அங்கே மெஷின் கரண்டில் ஓடியது. பட்டனை அமுக்கினால் சுற்றுகிற ஒன்றுக்கு எதற்குப் பூசை என்று அப்பாவுக்குப் புரியவில்லை. சில வெள்ளிக்கிழமைகளில் வேலைக்குக் கிளம்புமுன் வாசலில் சும்மா நின்றுவிட்டுப் போவார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை புஷ்பராணி தேங்காய்ப்பூ ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் வைத்தார். சம்பலில் மாசிக் கருவாட்டுத் துண்டு பல்லில் கடிபட்டது. சாயத்தை, அதாவது பால் இல்லாத தேநீரை, குடித்துக்கொண்டு, உள்ளங்கையில் கொட்டிய சீனியை நக்கினேன். கோயம்புத்தூரில் இப்படிக் குடித்தால் என் பேத்தி வீடியோ எடுத்துவிடுவாள்.

"ஸ்டோரு இப்ப இல்லங்க அக்கா" என்றார் புஷ்பராணி. "மூடி நாளாச்சு. ரோதைய பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்க. முனி மட்டும் இருக்காரு."

நடந்து போனோம். ஸ்டோரின் சுவர் பாதி நின்றது, உள்ளே வாழை முளைத்திருந்தது. கீழே ஓடைக்கரையில் எண்ணெய் ஏறிக் கறுத்த அந்தக் கல், மஞ்சளும் குங்குமமும் புதிதாக. பக்கத்தில் ரோதை இருந்த இடம் சதுரப் பள்ளமாகத் தெரிந்தது. நான் அழுதுவிட்டேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அப்பா செத்த அன்றுகூட இவ்வளவு அழவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஜீப்பில் என்ஜினியர் ஜயந்த வந்தார். மின்சாரம் எடுக்கப்போகும் கம்பனியின் ஆள். நாற்பது வயது இருக்கும், மரியாதையானவர், கொஞ்சம் தமிழும் பேசினார். மெஷின் வீடு வரப்போவதும் இதே பள்ளத்தில்தான் என்று ஜீப்பிலிருந்தே காட்டிவிட்டு, மேலே ஓடையை அளக்கப் போனார். மலையில் தண்ணீர் எங்கே நன்றாக விழும் என்பதை அந்தக் காலத்துத் துரையும் இந்தக் காலத்து என்ஜினியரும் ஒரே மாதிரிதான் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். ஆறு டேப்லெட்டுகளையும் ஐந்தாறு பேருக்கு ஒன்றாகக் கையில் கொடுத்தேன். ஓடையை நோக்கிப் பிடிக்கச் சொன்னேன். திரையில் ஓடை, அதன் குறுக்கே இன்னும் கட்டாத தடுப்பு, மலைச்சரிவில் நீலக் குழாய், பள்ளத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த மெஷின் வீடு. உள்ளே சக்கரம். அம்புக்குறியைத் தொட்டால் குழாயில் தண்ணீர் இறங்கும், சக்கரம் சுற்றும், மேலே லயத்தில் விளக்குகள் எரியும். கூடவே என் குரல்: "புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்பது, பயன்படுத்தப் பயன்படுத்தக் குறையாத இயற்கை வளங்களிலிருந்து..."

"அட, இது ரோதைங்க!" என்று ஒரு பெண் கத்தினாள். என் குரலை யாரும் அதற்குமேல் கேட்கவில்லை. ஒரு மாதம் உட்கார்ந்து எழுதிய வசனம். அவர்களுக்கு அது தேவைப்படவே இல்லை. இவர்களுடைய தாத்தாக்கள் செய்த வேலையை இவர்களுக்கே நான் பாடம் எடுக்க வந்திருந்தேன்.

அப்போதுதான் புஷ்பராணி தன் கையிலிருந்த டேப்லெட்டைக் கொஞ்சம் கீழே சாய்த்தார். "இங்க பாருங்களேன்" என்றார். எல்லோரும் கூடினார்கள். நானும் எட்டிப் பார்த்தேன்.

திரையில் மெஷின் வீட்டுக்குள்ளே, சுற்றும் சக்கரத்துக்குப் பக்கத்தில், ரோதைமுனி இருந்தார். மஞ்சள் குங்குமத்தோடு.

எப்படி என்று எனக்குப் புரிந்தது. கல் நிஜம், கேமரா அதை அப்படியே காட்டுகிறது. வீடும் சக்கரமும் தீபா வரைந்தவை. இரண்டும் ஒரே இடத்தில் வந்ததால் முனி வீட்டுக்குள் இருப்பதுபோலத் தெரிகிறார். ஆனால் அங்கே நின்றிருந்த பெண்களின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒருத்தி செருப்பைக் கழற்றினாள். இன்னொருத்தி திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உள்ளுக்கே வச்சிருக்காங்க. கண்ணாடி வீடு கட்டி வச்சிருக்காங்க" என்று பின்னால் பேச்சு பரவியது. கைபேசிகளை எடுத்து அந்தத் திரையைப் படம் பிடித்தார்கள். பக்தியில் பிடிக்கிறார்கள் என்று நினைத்தேன். சாமி படம்தானே.

சனிக்கிழமை காலை என்ஜினியர் ஜீப்பின் முன்பக்கத்தில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். என் ஒன்பது வயதுச் சிங்களத்தில் அந்தக் கல்லைப் பற்றிக் கேட்டேன். அவர் வரைபடத்தில் ஒரு சின்ன வட்டத்தைக் காட்டினார். "பாறை" என்று எழுதி, குறுக்கே கோடு போட்டிருந்தது. "மெஷினுக்கு அடித்தளம் போடணுமே. வெடி வச்சு எடுத்துரலாம், ஒரு நாள் வேலை" என்றார்.

அது சாமி என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் போன் பேச நகர்ந்தார், நானும் நகர்ந்தேன். கம்பனி கொடுத்த வேலைக்கு வந்தவள், கம்பனிக் காரியத்தில் வாயை நுழைக்கலாமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டில், பஸ்ஸில், ரேஷன் கடையில் எங்கேயும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காதவள், அன்றைக்குப் பார்த்து நாகரிகம் காத்தேன்.

சாயந்தரம் அடுப்படியில் புஷ்பராணி பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். மழை பிடித்துக்கொண்டது, விளக்கு அணைந்துவிட்டது. இங்கே காற்றடித்தால் கம்பி அறும், கம்பி அறுந்தால் லயத்துக்குக் கரண்ட் வர மூன்று நாள், நான்கு நாள். டவுனுக்குச் சரிசெய்த பிறகுதான் தோட்டத்துக்கு வருவார்கள். புது மெஷின் வந்தால் ஓடை மின்சாரம் முதலில் இந்த நாலு லயத்துக்கும் பிள்ளைக்காம்பராவுக்கும், அதாவது வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கும். மிச்சம்தான் வெளியே போகும். அதனால் மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல இங்கே யாருக்கும் மனமில்லை. சம்மதம் கிடைக்காவிட்டால் மலைக்கு அந்தப் பக்கத்து ஓடைக்குப் போய்விடுவோம் என்று கம்பனி முதலிலேயே சொல்லியிருந்தது.

மெழுகுவர்த்தியைச் சரிசெய்தபடி புஷ்பராணி கேட்டார். "அக்கா, அந்த டப்ல காட்டுறீங்களே, அப்படியே கட்டித் தருவாங்களா?"

கேள்வி நேராகத்தான் இருந்தது. பதில்தான் என்னிடம் நேராக இல்லை. "கட்டுவாங்க" என்றேன்.

"அப்படியே?"

"ம்."

அவர் என்னைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் பலாக்கொட்டையை உலையில் போட்டார். சாப்பிட்டுவிட்டு என் அறைக்குப் போனேன். முனி உள்ளே இருக்கிறார் என்று நம்பி நாளைக்குக் கையெழுத்துப் போடப்போகிறார்கள். அடுத்த மாதம் வெடி வைக்கும்போது, நம்ம தோட்டத்தில் பிறந்தவளே வந்து ஏமாற்றிவிட்டுப் போனாள் என்பார்கள். என் அப்பா தேங்காய் உடைத்த கல். அப்போது ஏழு மணிகூட ஆகியிருக்காது. பக்கத்து அறையில்தான் புஷ்பராணி இருந்தார். எழுந்துபோய் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் பிள்ளைக்காம்பராவில். தொட்டில் கயிறுகளை உத்தரத்தில் சுருட்டிக் கட்டிவிட்டு, சின்னப் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்ஜினியருக்கு மட்டும் சரியான நாற்காலி. அவருக்குச் சாயமும் கித்துள் கருப்பட்டித் துண்டும் கொடுத்தார்கள். பேச்சு பாதி சிங்களம், பாதி தமிழ். ஒரே வாக்கியத்தில் இரண்டும் ஏறி இறங்கியது. நான்தான் நடுவில் தடுமாறினேன்.

புஷ்பராணி சம்மதக் கடிதத்தை எடுத்து வைத்தார். சங்கம் எழுதி, டவுனில் டைப் செய்தது. அதன் பின்னால் நாலு தாள் சேர்த்துப் பின் அடித்திருந்தது. வெள்ளிக்கிழமை கைபேசியில் எடுத்த டேப்லெட் படங்கள், கலரில் அச்சடித்து. ஒவ்வொரு படத்திலும் கண்ணாடி வீட்டுக்குள் முனி.

"மாத்தையா, நாங்க எல்லாரும் சம்மதம்" என்றார் புஷ்பராணி. "இந்தப் படத்தில காட்டின மாதிரி கட்டித் தருவோம்னு கடிதாசியில இருக்கு. படம் ஒவ்வொண்ணுலயும் நீங்களும் ஒரு கையெழுத்து வச்சிருங்க."

"ஹரி, ஹரி" என்று, சிங்களத்தில் சரி சரி என்று சொல்லிக்கொண்டே, என்ஜினியர் பேனாவைத் திறந்தார். நூறு தடவை பார்த்த படம் அவருக்கு. முதல் தாளில் வைத்தார். இரண்டாவது தாளைத் திருப்பினார்.

நான் எழுந்துவிட்டேன். "ஒரு நிமிஷம்" என்றேன். "நான் ஒண்ணு சொல்லணும். நேத்து புஷ்பராணி கேட்டப்ப நான் பொய் சொல்லிட்டேன். படத்துல முனி உள்ள இருக்கிற மாதிரி தெரியுது. ஆனா அது அப்படித் தெரியுது, அவ்வளவுதான். கல்லு நெஜம், வீடு படம். கட்டும்போது அந்தக் கல்ல வெடி வச்சு எடுத்துருவாங்க. ஏமாந்து கையெழுத்துப் போட்டுறாதீங்க."

யாரும் அசையவில்லை. அதிர்ச்சி என்று நினைத்தேன். அடுத்து கூச்சல் எழும், பெண்கள் என்னைக் கட்டிக்கொள்வார்கள் என்றுகூட ஒரு ஓரத்தில் நினைத்திருப்பேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்க்காமல் புஷ்பராணியைப் பார்த்தார்கள். புஷ்பராணி தரையைப் பார்த்தார்.

என்ஜினியர் இரண்டாவது தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். முதல் முறையாகப் படத்தைப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். "இது சாமிக் கல்லா? எனக்கு யாரும் சொல்லவில்லையே" என்றார் சிங்களத்தில். கையெழுத்துப் போட்ட முதல் தாளை மெதுவாகப் பின்னிலிருந்து கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பேனாவை மூடினார். "மேலிடத்தில் கேட்காமல் இதில் நான் கையெழுத்து வைக்க முடியாது. ரெண்டு வாரம் பார்ப்போம். இல்லாவிட்டால் அந்தப் பக்கத்து ஓடைதான்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

குட்டி நாற்காலிகளை அடுக்கினார்கள். என்னை யாரும் திட்டவில்லை. ஒரு பெண் போகிற போக்கில், "பாவம், அவங்களுக்கு என்னா தெரியும்" என்று இன்னொருத்தியிடம் சொன்னாள். என் காதுபடவே சொன்னாள்.

வீட்டுக்கு வந்த பிறகு செல்வம்தான் சொன்னார். "அக்கா, அது படம்னு லயத்தில புள்ளைங்களுக்குக்கூடத் தெரியுங்க. எங்க மகளோட போன்லயே தலையில பூனைக்காது வச்சுக் காட்டுது. மெஷின் வீட்டுக்குள்ள கம்பனி சாமிய வைக்குமா? ஆனா அவங்க டப்லயே அப்படிக் காட்டுது பாருங்க. அதப் புடிச்சுக்கலாம்னு இவதான் சொன்னா. கையெழுத்து வச்சிட்டா, கல்லுல கை வைக்கும்போது தாள எடுத்துக் காட்டி நிப்பாட்டலாம். மெஷினக் கொஞ்சம் தள்ளித்தான் ஆகணும். கரண்டும் வரும், முனியும் இருப்பாரு."

ஏமாறுகிறார்கள் என்று நான் நினைத்தவர்கள் எனக்குப் பல அடி முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். பேச வேண்டிய சனிக்கிழமை வாயை மூடிக்கொண்டு, மூடியிருக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கிறேன். வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே புஷ்பராணி" என்றேன்.

அவர் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார். "நீங்க கம்பனி ஆளுன்னுதான நெனச்சோம். அதான் சனிக்கெழம கேட்டுப் பாத்தேன். கட்டுவாங்கன்னு சொன்னீங்க. அப்ப நீங்க அவங்க பக்கம்தான்னு முடிவு பண்ணிட்டோம்."

நான்கு நாளும் இந்த மண்ணில் ஒவ்வொரு கல்லையும் எனக்குச் சொந்தம் என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தேன். கோத்தகிரியில் எங்களைச் சிலோன்காரர்கள் என்றார்கள், அப்போதெல்லாம் எனக்கென்று ஓர் இடம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அந்த இடத்தில் நான் கம்பனி ஆள். புஷ்பராணியின் மேல் தப்பில்லை. கம்பனி டேப்லெட்டோடு வந்து பொய்யும் சொன்னவளை அவர் வேறு யார் என்று நினைப்பார்?

திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்கு நின்றோம். என்னுடைய போர்வை மூட்டையைப் புஷ்பராணி தூக்கிக்கொண்டு வந்திருந்தார். பஸ் வளைவில் தெரிந்ததும் பிளவுசுக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். பின்னில் எஞ்சிய படங்களில் ஒன்று.

"இத அந்தப் படம் வரையிற புள்ளகிட்டக் குடுங்க. மெஷின முனிக்குக் கீழ கொண்டுபோயி வரையச் சொல்லுங்க. அங்க ஒரு தட்டையான எடம் இருக்கு, பழைய ஸ்டோருக்கு வெறகு அடுக்கின எடம்."

"நாங்க வரைஞ்சு என்ன ஆகும்?" என்றேன்.

"நாங்க சொன்னா பேச்சு. டப்ல இருந்தா பிளானு. அவங்க அதத்தான் நம்புவாங்க."

கோயம்புத்தூருக்கு வந்த மறுநாளே தீபாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சும்மா வரைய மாட்டேன் என்றுவிட்டாள். "அளவு வேணும் மேடம். எத்தனை தூரம், எவ்வளவு பள்ளம். இல்லன்னா அந்த என்ஜினியர் ஒரே பார்வையில தூக்கிப் போட்டுடுவாரு." வாட்ஸ்அப்பில் புஷ்பராணியைக் கூப்பிட்டோம். கொழுந்தை நிறுத்துக் கொடுத்த பிறகு அவரும் இன்னும் நாலு பெண்களும் செல்வத்தின் த்ரீவீலரை இழுக்கும் கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினார்கள். ஒருத்தி முனிக்குப் பக்கத்தில் நின்று கயிற்றைப் பிடிக்க, மற்றவர்கள் கீழே போனார்கள். போனில் கயிறும் ஈரப் பாறையும் அட்டை கடித்த கால்களும் தெரிந்தன. விறகு அடுக்கிய இடம் பதினெட்டு அடி கீழே இருந்தது. தண்ணீர் இன்னும் கொஞ்சம் அதிக உயரத்திலிருந்து விழும், குழாய்தான் நீளும். தீபா கண்களை விரித்தாள். "இது அவங்க இடத்தை விட நல்ல இடம் மேடம்."

இந்த முறை என் வசனத்தை நான் எழுதவில்லை. புஷ்பராணி போனில் பேசி அனுப்பியதை அப்படியே வைத்தோம். "இது புது ரோதை. தண்ணி விழுந்தா சுத்தும், சுத்துனா கரண்டு வரும். மேல முனி இருக்காரு, அவர யாரும் அசைக்க மாட்டாங்க." புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. எங்கள் மேலாளருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

புதிய வடிவம் என்ஜினியருக்குப் போயிற்று. ஐந்து நாள் பதில் இல்லை. அந்த ஐந்து நாளும் நான் வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. எனக்குப் பேச்சின்மேலேயே பயம் வந்துவிட்டது.

பதின்மூன்றாம் நாள் மத்தியானம் புஷ்பராணியின் அழைப்பு. பின்னால் ஒரே சத்தம், பிள்ளைகள், மழை, யாரோ சிரிக்கிறார்கள்.

"அக்கா, கையெழுத்து வச்சிட்டாங்க. ஜயந்த மாத்தையா டப்பத் தூக்கிக்கிட்டு நேரா ஓடைக்குப் போனாரு. கீழ நின்னு பாத்தாரு, மேல ஏறிப் பாத்தாரு. பெறகு செருப்பக் கழட்டிட்டு முனிகிட்டப் போயி நின்னாரு. புதுப் படம் நாலு தாள்லயும் வச்சாரு."

நான் சந்தோஷத்தில் அழுதுகொண்டே சிரித்தேன். மெஷின் சுற்றுகிற முதல் நாள் நானும் வந்து நிற்கலாமா, அப்பா பெயரில் ஒரு தேங்காய் நான் வாங்கித் தரலாமா என்று கேட்டேன்.

"அனே, இது என்னா கேள்வி? வாங்க, வந்து நம்ம வீட்டிலயே தங்குங்க. தேங்காய நீங்களே ஒடைங்க" என்றார் புஷ்பராணி. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா ஒண்ணு அக்கா. மீட்டிங் வச்சா மட்டும் எந்திரிச்சுறாதீங்க" என்றார்.